பாரைட் சேர்க்காமலே சேற்றின் அடர்த்தி ஏறுகிறது: துகள்கள் எங்கே தப்புகின்றன?

கிணற்றடி

அனைவருக்கும் வணக்கம். காவிரிப் படுகையில், நிலத்தில் துளையிடும் ஓர் எண்ணெய்-எரிவாயுக் கிணற்றில் சேற்றுப் பொறியாளராக இது எனக்கு இரண்டாவது ஆண்டு. துளைக்குள் சுற்றிவந்து பாறைத் துணுக்குகளை மேலே கொண்டுவரும் திரவத்தை, களத்தில் எல்லோரும் 'மட்' என்று சொல்வதைத்தான், இங்கே சேறு என்று எழுதுகிறேன்.

இப்போது 12¼ அங்குலத் துளை ஓடிக்கொண்டிருக்கிறது. 5 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கலந்த பாலிமர் சேற்றைப் பயன்படுத்துகிறோம். நான்கு நாள்களில் 400 மீட்டர் துளைத்துவிட்டோம். சேற்றின் எடையைக் கூட்டும் கனிமப் பொடியான பாரைட்டை இதுவரை ஒரு மூட்டைகூடச் சேர்க்கவில்லை. ஆனாலும் ஒப்படர்த்தி 1.10-இலிருந்து 1.18-க்கு ஏறிவிட்டது. பிளாஸ்டிக் பாகுநிலை, அதாவது பி.வி., 13-இலிருந்து 28 சென்டிபாய்ஸ் ஆகிவிட்டது. சேற்றைச் சூடாக்கி நீரைப் பிரித்து அளக்கும் ரிட்டார்ட்டில் திடப்பொருள் 11.5 விழுக்காடு வருகிறது. எம்பிடி சோதனையில் களிமண் அளவு கன மீட்டருக்கு 18 கிலோவிலிருந்து 40 கிலோ ஆகியிருக்கிறது. வடிதாளில் படியும் படலம் தடித்து, விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

மொத்தச் சேறு சுமார் 240 கன மீட்டர். பம்ப் ஓட்டம் நிமிடத்துக்கு 2,700 லிட்டர். சேற்றை அதிரும் சல்லடையில் சலிக்கும் ஷேக்கர்கள் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் ஏபிஐ 80 சல்லடைகள் (எண் கூடக் கூடச் சல்லடைக் கண் சிறிதாகும்). சேற்றைக் கூம்பில் சுழற்றி மணலைப் பிரிக்கும் டீசாண்டர் ஒன்று, அதே முறையில் நுண்ணிய வண்டலைப் பிரிக்கும் 16 கூம்புகள் கொண்ட டீசில்ட்டர் ஒன்று, அதைவிட நுண்ணிய துகளைப் பிரிக்கும், ஆனால் சும்மா நிற்கும் சென்ட்ரிஃபியூஜ் ஒன்று. நுண்ணிய சல்லடை போட்டால் சேறு முன்விளிம்பைத் தாண்டிக் கழிவோடு கொட்டுகிறது என்பதால், துளையிடும் ரிக்கை நடத்தும் டூல் புஷர் ஒத்துக்கொள்வதில்லை. தண்ணீர் விட்டு நீர்த்து, மிஞ்சுவதைக் கழிவுக் குழியில் விடச் சொல்கிறார். குழியோ ஏறக்குறைய நிறைந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழையும் தொடங்கப்போகிறது. எதிலிருந்து தொடங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய டெரிக்மேன்

தம்பி, தண்ணீர்க் குழாயைத் திறப்பதற்கு முன்னால் ஷேக்கரடியில் அரை மணி நேரம் நில்லுங்கள். பாறைத் துணுக்கு மேலே வந்து சேரும் முதல் தடவையிலேயே அதைப் பிடித்து வெளியே போட்டாக வேண்டும். அப்போது தப்பவிட்டால் அது பம்புக்குள் போய், துளையிடும் முனையான பிட்டின் நாசில் வழியாகச் சீறி, துளைச் சுவரில் உரசி, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் பொடியாகித் திரும்பி வரும். ஒரு மில்லிமீட்டர் கனசதுரம் ஒன்றை இரண்டு மைக்ரான் கனசதுரங்களாக நொறுக்கினால் பன்னிரண்டரைக் கோடித் துண்டுகள் கிடைக்கும். பருமன் அதேதான், ஆனால் மேற்பரப்பு 500 மடங்காகிவிடும். அந்தப் பரப்பு முழுவதும் தண்ணீரையும் பாலிமரையும் ஒட்டிவைத்துக்கொள்வதால்தான் உங்கள் பி.வி. ஏறுகிறது. இரண்டு மைக்ரானுக்குக் கீழே போன துகளைப் பிடிக்க ரிக்கில் இருக்கும் எந்தச் சல்லடையாலும் முடியாது, எந்தக் கூம்பாலும் முடியாது.

ஏபிஐ 80 சல்லடையின் வெட்டுப்புள்ளி, அதாவது அது தடுத்து நிறுத்தும் துகளின் அளவு, 165-க்கும் 196 மைக்ரானுக்கும் இடையில் விழும். ஏபிஐ 140 என்றால் 98-க்கும் 116.5-க்கும் இடையில். 74 மைக்ரானுக்கு மேற்பட்டதெல்லாம் இந்தத் துறையில் மணல் என்பதால், 80-ஐப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர் மணலில் ஒரு பகுதியைத் தெரிந்தே உள்ளே விடுகிறார் என்றுதான் பொருள்.

1901 ஜனவரியில் டெக்சஸின் ஸ்பிண்டில்டாப் கிணற்றைத் துளைத்தவர்கள், குளத்தில் மாடுகளை ஓட்டி மண்ணைக் கலக்கிச் சேறு தயாரித்தார்கள் என்று துறையில் ஒரு கதை சொல்வார்கள். நம் ஊரில் நடவுக்குச் சேறடிப்பதைப் பார்த்தவனுக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. அன்று மண்ணைச் சேற்றுக்குள் கொண்டுவரப் பாடுபட்டார்கள், இன்று அதை வெளியே எடுக்கப் பாடுபடுகிறோம்.

உலைக்குடுவை

ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் எண்களிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் 11.5 விழுக்காடு முழுவதும் பாறைத்துகள் அன்று. ரிட்டார்ட்டில் தண்ணீர் ஆவியாகிப் போன பிறகு கரைந்திருந்த உப்பும் அடியிலேயே தங்கித் திடப்பொருளாகக் கணக்கில் ஏறிவிடும். 5 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடுக்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டைக் கழித்தால் 9.5 வருகிறது.

இதை அடர்த்தியைக் கொண்டும் சரிபார்க்கலாம். அந்த உப்பு நீரின் ஒப்படர்த்தி சுமார் 1.03, பாறைத்துகளின் ஒப்படர்த்தி 2.6. 1.18-இலிருந்து 1.03-ஐக் கழித்து, வருவதை 1.57-ஆல் வகுத்தால் 9.6 விழுக்காடு. இரண்டு வழியிலும் ஒரே விடை வருவதால் உங்கள் ரிட்டார்ட் அளவீட்டை நம்பலாம். இதே கணக்குப்படி தொடக்கத்தில் 1.10-இல் இருந்தது 4.5 விழுக்காடு.

அடுத்தது இன்னும் முக்கியம். 12¼ அங்குலத் துளையில் 100 மீட்டருக்கு 7.6 கன மீட்டர் பாறை வெளியேறுகிறது. நுண்துளைகளைக் கணக்கில் எடுக்காவிட்டால் அது சுமார் 20 டன். 400 மீட்டருக்கு 30.4 கன மீட்டர். சேற்றில் சேர்ந்திருப்பது 240 கன மீட்டரில் 5.1 விழுக்காடு, அதாவது 12.2 கன மீட்டர். ஆகவே துளைத்த பாறையில் 60 விழுக்காடுதான் வெளியே போயிருக்கிறது, 40 விழுக்காடு சேற்றிலேயே தங்கிவிட்டது. இடையில் நீங்கள் பெரிதாக நீர்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

பாலைக்காற்று

ஓமானில் ஒன்பது ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். மன்னிக்க வேண்டும், நீங்கள் எல்லோரும் இதைத் தேவைக்கு மேல் சிக்கலாக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். திடத்துகள் ஏறிவிட்டால் ஒரு பங்கு சேற்றை வெளியேற்றிவிட்டுப் புதிய சேற்றை விடுவதுதான் நிச்சயமான வழி. கருவிகள் பழுதாகும், கூம்புகள் அடைத்துக்கொள்ளும், ஷேக்கர்மேன் தூங்கிவிடுவார். தண்ணீர் ஒருபோதும் பழுதாகாது. ரிக் ஒரு நாள் சும்மா நிற்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சேற்றின் விலை ஒன்றுமே இல்லை.

உலைக்குடுவை

பாலைக்காற்று அண்ணா சொல்வது நடைமுறையில் உண்மைதான். எவ்வளவு நீர்ப்பது என்பதில்தான் சிக்கல். 9.6 விழுக்காட்டை 6-க்கு இறக்க வேண்டுமானால் 240 கன மீட்டரில் 90-ஐ வெளியேற்றி 90-ஐப் புதிதாகச் செய்ய வேண்டும். எதையும் வெளியேற்றாமல் நீர்ப்பதானால் 144 கன மீட்டர் சேர்த்து, 384-ஐ வைக்க இடம் தேட வேண்டும். அதோடும் முடிவதில்லை. இதே 60 விழுக்காட்டு நீக்கத்தோடு தொடர்ந்து துளைத்தால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் மூன்று கன மீட்டர் துகள் உள்ளே தங்கும். அதை 6 விழுக்காட்டில் வைத்திருக்க ஐம்பது கன மீட்டர் சேறு தேவைப்படும். நீக்கம் 80 விழுக்காடானால் அது இருபத்தைந்தாகக் குறையும். பொட்டாசியம் குளோரைடும் பாலிமரும் சேர்ந்த சேறு வெறும் தண்ணீர் விலைக்குக் கிடைக்காது. உப்பைக் குறைத்து வெறும் தண்ணீரை மட்டும் விட்டால் மேலடுக்கில் இருக்கும் களிமண் ஊறி உப்பி, நீங்கள் துரத்த நினைத்த எம்பிடியே மேலும் ஏறும்.

நெல்வயல்

நான் துளையிடும் பிரிவைச் சேர்ந்தவன் அல்லன். சுற்றுச்சூழல் பிரிவில் இருக்கிறேன். வெளியேற்றுவது என்று மேலே எழுதியிருப்பது என் கணக்கில் குழியில் போய் நிற்கும் 90 கன மீட்டர். பாலைவனத்தில் குழி நிறைந்தால் பக்கத்தில் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். டெல்டாவில் வேலிக்கு அப்பால் ஒரு முழ உயர வரப்பு, அதற்கு அப்பால் சம்பா நாற்று. ஐப்பசி மழை இரண்டு நாள் அடைத்துப் பெய்தால் குழியின் மட்டம் தானாக ஏறும். அந்த உப்பு நீர் கரையைத் தாண்டி வயலில் இறங்கினால், பிறகு அந்த ஊருக்குள் யாரும் தலைகாட்ட முடியாது.

துளையிடு கழிவுக்கென்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2005-இல் அறிவித்த விதிகள் இருக்கின்றன. குழி நிறைந்தவுடன் அதை நீர்புகாத விரிப்பால் மூடி, மேலே உள்ளூர் மண்ணைத் தடிப்பாகப் பரப்பிச் சரிவு கொடுக்க வேண்டும் என்பதும், பாரைட்டில் பாதரசம் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமையும் காட்மியம் மூன்று மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்பதும் அவற்றில் அடங்கும். 2020-இல் தமிழ்நாட்டில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகு, ஏற்கெனவே நடக்கும் வேலைகளைக்கூட ஊர் மக்கள் முன்பைவிடக் கூர்ந்து பார்க்கிறார்கள்; பார்க்கத்தான் வேண்டும். ஆகவே கழிவைக் குறைக்கும் வழி எதுவோ அதற்கே என் வாக்கு.

கிணற்றடி

அனைவருக்கும் நன்றி. பழைய டெரிக்மேன் ஐயா சொன்னபடி நேற்றிரவு ஷேக்கரடியில் நின்றேன். இரண்டாவது ஷேக்கரின் பின்பக்கச் சல்லடையில், சேறு எப்போதும் தேங்கி மூடியிருக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிசல் இருந்தது. ஓட்டத்தை மற்ற இரண்டுக்கும் திருப்பி, சல்லடையைக் கழற்றி விளக்கில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதன் கீழிருக்கும், மணல் படியும் தொட்டியான சாண்ட் ட்ராப்பில் ஒரு கம்பியை இறக்கிப் பார்த்தேன். முக்கால் தொட்டிக்கு மணல். மூன்றாவது ஷேக்கரின் தளத்தை மேல்நோக்கி மிகவும் சாய்த்து வைத்திருந்தார்கள். துணுக்குகள் ஏறிப் போக முடியாமல் சேற்றுத் தேக்கத்திலேயே உருண்டு அரைபட்டுக்கொண்டிருந்தன.

சல்லடையில் சேறு வழிந்ததற்கும் ஒரு காரணம் தெரிந்தது. பொடிகளைச் சேற்றில் கலக்கும் ஹாப்பரில் பாலிமரை அவசரமாகக் கொட்டியிருக்கிறார்கள். கரையாத கட்டிகள் மீன்கண் போலச் சல்லடைக் கண்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. கட்டிகள் கரைந்த பிறகு முதலில் ஏபிஐ 100, ஆறு மணி நேரம் கழித்து ஏபிஐ 140 என்று மாற்றினோம். இப்போது தளத்தின் முக்கால் பங்கு வரைதான் சேறு நிற்கிறது. முன்பகுதி உலர்ந்து துணுக்குகள் தனியே விழுகின்றன.

ஆனால் டீசில்ட்டர்தான் புரியவில்லை. 16 கூம்புகளில் நான்கிலிருந்து ஒன்றுமே வருவதில்லை. ஐந்தாறு கூம்புகளிலிருந்து தடித்த கயிறு போல இறங்குகிறது. முன்குழாய் அழுத்தமானி 24 பிஎஸ்ஐ காட்டுகிறது.

பழைய டெரிக்மேன்

கயிறு போல இறங்குவதைப் பார்த்து, நன்றாக வேலை செய்கிறது என்று பலர் மகிழ்ந்துபோவார்கள். அது மூச்சுத்திணறுகிற கூம்பு. சரியாக ஓடும் கூம்பின் அடியில் குடை விரித்த மாதிரி சேறு சிதறும். அதன் நடுவே விரலை வைத்தால் காற்றை உள்ளே இழுப்பது தெரியும். ஒன்றுமே வராத கூம்பில் அடிவாய் அடைத்திருக்கும். உள்வழி அடைத்திருந்தால் நேர்மாறாக, மேல்வழிச் சேறே திரும்பிக் கீழே கொட்டும். அப்படி ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்கு அங்குலக் கூம்பு ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 190 லிட்டர் வாங்கும். பதினாறும் ஓடினால் 3,040 லிட்டர். உங்கள் 2,700-ஐ விட அதிகம் என்பதால் முழு ஓட்டமும் ஒருமுறையாவது கூம்பு வழியே போகும். பன்னிரண்டுதான் ஓடினால் 2,280. மிச்சச் சேறு கழுவப்படாமலே பம்புக்குப் போகிறது.

அழுத்தத்துக்கு வருவோம். இந்தக் கூம்புகளுக்கு 75 அடி உயரச் சேற்றுத் தூணுக்கு நிகரான அழுத்தம் வேண்டும். 1.18 ஒப்படர்த்தியில் அது 38 பிஎஸ்ஐ. 24-இல் கூம்புக்குள் சுழற்சியே போதாது. அந்தப் பம்ப் வேறு எதற்காவது சேறு கொடுக்கிறதா என்று பாருங்கள். பத்துக்கு ஏழு இடங்களில் அதே பம்பிலிருந்துதான் ஹாப்பருக்கும் ஒரு கிளை போட்டிருப்பார்கள்.

கிணற்றடி

ஐயா, நீங்கள் சொன்னபடியே ஹாப்பருக்குப் போகும் கிளையின் வால்வு முழுவதும் மூடாமல் இருந்தது. மூடினோம். நான்கு கூம்புகளையும் கழற்றி அடைப்பை எடுத்தோம். அழுத்தம் 27-க்குத்தான் வந்தது. இம்பெல்லர் தேய்ந்திருக்கும், புதிதாக வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்கிறார் மெக்கானிக்.

மின்கம்பி

ரிக்கில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். இம்பெல்லருக்கு ஆர்டர் போடும் முன் ஒரு கேள்வி: இந்தக் கிணற்றுக்கு ரிக்கை நகர்த்தி வந்த பிறகு அந்த மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யாராவது பார்த்தார்களா? இணைப்பைக் கழற்றி மாட்டும்போது மூன்று பேஸில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். சென்ட்ரிஃபியூகல் பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் சேற்றைத் தள்ளத்தான் செய்யும். ஓட்டமும் அழுத்தமும் குறையுமே தவிர நிற்காது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. உறையின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். பெயின்ட் மூடியிருந்தால் சுரண்டிப் பாருங்கள். மோட்டாரை ஒரு நொடி ஓடவிட்டு நிறுத்தி, ஷாஃப்ட் எந்தப் பக்கம் திரும்பி ஓய்கிறது என்று கவனியுங்கள். காப்பைக் கழற்ற நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடாமல் கை வைக்க வேண்டாம்.

கிணற்றடி

மின்கம்பி அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அம்புக்குறியின் மேல் மூன்று அடுக்குப் பெயின்ட் இருந்தது. சுரண்டிப் பார்த்தால் அம்பு வலப்பக்கம் காட்டுகிறது, ஷாஃப்ட் இடப்பக்கம் சுற்றுகிறது. இரண்டு பேஸை மாற்றி ஓட்டியதும் அழுத்தமானி 38-இல் போய் நின்றது. கூம்புகளின் அடியில் வரிசையாகக் குடை விரிந்ததைப் பார்த்து, டூல் புஷரே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

மின்கம்பி

உங்கள் பம்பில் இம்பெல்லர் சாவியிட்டுப் பொருத்தும் வகை என்பதால் தப்பித்தீர்கள். திருகுமரை வகையாக இருந்திருந்தால், எதிர்ப்பக்கம் சுற்றிய முதல் நொடியிலேயே கழன்று உறையை இடித்து உடைத்திருக்கும். ஷேக்கர் மோட்டார்களும் அதே கேபிளிலிருந்து மின்சாரம் எடுக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

கிணற்றடி

பார்த்துவிட்டோம், ஷேக்கர் மோட்டார்கள் சரியாகவே சுற்றுகின்றன. மூன்று நாள் கழித்து நிலவரம் சொல்கிறேன். எடையேற்றாத சேறுதானே என்று சும்மா நின்ற சென்ட்ரிஃபியூஜையும் தொடர்ந்து ஓட்டுகிறோம். மொத்த ஓட்டத்தில் அது ஒரு சிறு பங்கைத்தான் எடுக்கிறது என்றாலும், கூம்புகளுக்குத் தப்பிய நுண்துகளை அதுதான் வெளியே தள்ளுகிறது. சாண்ட் ட்ராப்பைக் காலி செய்ததையும் சேர்த்து 35 கன மீட்டர் மட்டுமே வெளியேற்றினோம். ஒப்படர்த்தி 1.13, பி.வி. 17. உலைக்குடுவை அக்காவின் கணக்குப்படி திடத்துகள் 6.4 விழுக்காடு. எம்பிடி மட்டும் மெதுவாகத்தான் இறங்குகிறது. இன்னும் 31-இல் இருக்கிறது.

பழைய டெரிக்மேன்

அது மெதுவாகத்தான் இறங்கும் தம்பி. முதல் நான்கு நாளில் அரைபட்டுப் பொடியானது இனி சல்லடைக்கு வராது. அந்தப் பங்குக்கு மட்டும் பாலைக்காற்று சொன்ன நீர்த்தல்தான் மருந்து.

பாலைக்காற்று

என் கருத்தில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு ஐயாவே சாட்சி சொல்லிவிட்டார். அடுத்து 8½ அங்குலத்தில் பாரைட் ஏற்றப்போகிறீர்கள் அல்லவா? அப்போது இதே டீசில்ட்டரை இதே ஆர்வத்தோடு ஓட்டினால், விலை கொடுத்து வாங்கிய பாரைட் எல்லாம் குடை குடையாக வெளியே விரியும்.

உலைக்குடுவை

அண்ணா சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கூம்பும் சென்ட்ரிஃபியூஜும் துகளின் அளவை மட்டும் பார்த்துப் பிரிப்பதில்லை, எடையையும் சேர்த்தே பார்க்கின்றன. பாரைட்டின் ஒப்படர்த்தி 4.2 என்பதால், 20 மைக்ரான் பாரைட் துகளும் ஏறத்தாழ 30 மைக்ரான் பாறைத்துகளும் ஒரே வேகத்தில் படியும்; கூம்புக்கு இரண்டும் ஒன்றுதான். ஏபிஐ தரத்தில் பாரைட்டின் பெரும்பகுதி 75 மைக்ரானுக்குக் கீழே இருப்பதால், ஏபிஐ 200 வரையிலான ஷேக்கர் சல்லடை அதைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். ஆகவே எடையேற்றிய சேற்றில் ஷேக்கர்தான் முதன்மைக் கருவி. டீசில்ட்டரை ஓட்டியே ஆக வேண்டுமென்றால் அதன் அடிக்கழிவை ஒரு நுண்சல்லடையின் மேல் விழச் செய்து, சல்லடை வழியே இறங்கும் பாரைட்டைச் சேற்றுக்கே திருப்ப வேண்டும்; மட் கிளீனர் என்பது அதுதான். இரண்டு சென்ட்ரிஃபியூஜ்கள் இருந்தால் முதலாவதை மெதுவாக ஓட்டிப் பாரைட்டை மீட்டு, அதிலிருந்து வரும் நீர்மத்தை இரண்டாவதில் வேகமாகச் சுழற்றி நுண்துகளைக் கழிக்கலாம்.

கிணற்றடி

எங்களிடம் இருப்பது ஒன்றுதான் அக்கா. இரண்டாவதைக் கேட்டு எழுதியிருக்கிறோம். அதோடு ஏபிஐ 170 சல்லடைகள் ஒரு டஜனும். குழியில் இன்று காலை மட்டக்கம்பி வைத்து அளந்ததில் கரைக்கு இன்னும் முக்கால் மீட்டர் இடைவெளி இருக்கிறது. நெல்வயல் அண்ணன் சொன்ன கவலையை மனதில் வைத்து அந்த அளவைத் தினமும் காலை ஆறு மணிக்குச் சேற்று அறிக்கையிலேயே எழுதத் தொடங்கியிருக்கிறோம். நேற்றிரவு முதல் மழை பிடித்திருக்கிறது.